ஓட்டிப் பார்த்து வாங்குதல்: மாட்டுத்தாவணியிலிருந்து ஹைப்ரிட் செடான் வரை

கார் வாங்குமுன் அதை ஓட்டிப் பார்ப்பது இன்று கேட்காமலே கிடைக்கும் உபசாரம். ராஜபாளையத்துக்குத் தெற்கே, சேத்தூரைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் தேவதானத்திலிருந்து ஒருவர் போன் செய்தாலும் டெமோ வண்டி வாசலுக்கு வந்து நிற்கிறது. சாவியை நீட்டி, பக்கத்து சீட்டில் ஏறிக்கொள்ளும் விற்பனைப் பையன் ‘எவ்வளவு தூரம் வேணாலும் ஓட்டுங்க சார்’ என்கிறான். தமிழ்நாட்டில் இந்த வழக்கத்துக்கு வயது முப்பதை ஒட்டித்தான். அதற்கு முன்னால் ஒரு நாற்பது ஆண்டுகள், புதுக் காரைத் தொட்டுப் பார்ப்பதே பணம் கட்டிப் பல வருடம் கழித்துத்தான் நடந்தது. ஓட்டிப் பார்க்கும் உரிமை வாங்குபவனுக்கு உண்டா, இல்லையா என்பதை ஒவ்வொரு காலத்திலும் சந்தையே முடிவு செய்திருக்கிறது.

சரக்கைச் சோதித்து வாங்கும் பழக்கம் இந்தக் கரிசல் பக்கத்து மக்களுக்குப் புதிதல்ல. மோட்டார் வருமுன் குடும்பத்தின் பெரிய முதலீடு உழவு மாடும் வண்டி மாடும்தான். கழுகுமலை போன்ற ஊர்களில் கூடிய மாட்டுத்தாவணிகளில் முதலில் பல் பார்ப்பார்கள். ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா என்பதில் வயது தெரிந்துவிடும். அடுத்தது சுழி. அதன்பின் மாட்டை நடக்கவிட்டு, கால் எடுத்துவைக்கும் விதத்தைப் பார்ப்பார்கள். விவரமானவர்கள் அதோடு விடமாட்டார்கள். வண்டியில் பூட்டி, மணல் பாங்கான இடத்தில் இழுக்கவிட்டு, மூச்சு வாங்குகிறதா, படுத்துக்கொள்கிறதா என்று பார்த்த பிறகே தரகரின் துண்டுக்குள் விரலைக் கொடுத்து விலை பேசுவார்கள். அங்கே எந்த மாட்டையும் பிடித்துப் பார்க்காமல் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. பக்கத்திலேயே வேறு ஜோடி நின்றது.

சென்னையில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மோட்டார் கார்கள் ஓடின. குதிரை வண்டி கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த மவுண்ட் ரோடு சிம்ப்சன் கம்பெனி மோட்டார் தொழிலுக்கு மாறியதும் அப்போதுதான். தெற்கே இந்தத் தொழிலைக் கொண்டுவந்தவர் மதுரையில் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார். 1911-ஐ நிறுவனத்தின் பிறந்த ஆண்டாகக் கொள்கிறார்கள். பஸ் சர்வீஸில் தொடங்கி, பிறகு அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸின் கார், லாரிகளை விற்கும் ஏஜென்சியாகவும் அது வளர்ந்தது. அன்று கார் வாங்கக்கூடியவர்கள் ஜமீன்தார்கள், பஞ்சாலை அதிபர்கள், பெரிய வக்கீல்கள் என ஒரு கைக்குள் அடங்குவார்கள். இப்படிப்பட்ட வாடிக்கையாளரைத் தேடி வண்டிதான் போனது. ஏஜென்டின் ஆள் ஓட்டிக் காட்டுவார். எஜமானர் பின் சீட்டில் உட்கார்ந்து பார்ப்பார். ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தவர் பெரும்பாலும் அவர் வைத்துக்கொள்ளப்போகும் டிரைவர்.

இரண்டாம் உலகப்போர் பெட்ரோலுக்குப் பங்கீடு கொண்டுவந்தது. அந்த நெருக்கடியில் மதுரையில் உருவானதுதான் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட். பஸ்ஸின் பின்புறம் உருளை வடிவில் ஓர் இரும்பு அடுப்பு. அதில் கரியைக் கொட்டிப் பற்றவைப்பார்கள். கிளீனர் கைப்பிடியைச் சுற்றிக் காற்று ஊத ஊதக் கரி கனன்று, குறைந்த காற்றில் பாதி எரிந்து, கரியமில வாயுவாக முழுதும் மாறாத ஒரு எரிவாயுவைக் கக்கும். வடிகட்டியில் சாம்பலை இழந்து, குளிர்ந்து, அது என்ஜினுக்குள் போகும். முதல் கிளப்பலுக்குக் கொஞ்சம் பெட்ரோல், வாயு சீராக வந்ததும் அதற்கு மாற்று என்பது வழக்கமான முறை. பெட்ரோலில் இருந்த இழுவை வாயுவில் கிடையாது என்பதால் மேடு வந்தால் பயணிகள் இறங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இதை இன்றைய பொருளில் ஹைப்ரிட் என்று சொல்ல முடியாது. ஒரே என்ஜின்தான், எரிபொருள்தான் இரண்டு. ஆனாலும் இரண்டு வகைச் சக்தியை மாற்றி மாற்றிக் கையாளும் வண்டியைத் தென்மாவட்டத்து மக்கள் பார்த்தது அப்போதுதான் முதல் தடவை. அதை ஓட்டத் தனிப் பழக்கம் வேண்டியிருந்ததும் அப்போதுதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு வாங்குபவனின் கை தாழ்ந்தது. உள்நாட்டில் தயாரிக்காத கம்பெனிகளுக்கு இடமில்லை என்று அரசு 1950-களின் தொடக்கத்தில் முடிவெடுத்ததும், ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டிக்கொண்டு போயின. மிஞ்சியவை மூன்று. கல்கத்தாவின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசடர், பம்பாய் பிரீமியர் ஆலையின் ஃபியட், சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கத்தில் தயாரான ஸ்டாண்டர்டு. மூன்றாவது தமிழ்நாட்டின் சொந்தச் சரக்கு. 1961-இல் ஹெரால்ட், 1972-இல் கெஸல், 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்று வந்து, அந்த 2000-த்தோடு படுத்துவிட்டது.

உற்பத்தி குறைவு, கேட்பவர்கள் அதிகம். 1959-இல் கார் விநியோகத்துக்கென்றே மத்திய அரசு ஒரு கட்டுப்பாட்டு ஆணை போட்டது. முன்பணம் கட்டிப் பதிந்துவிட்டு வரிசையில் காத்திருக்க வேண்டும். அரசாங்க ஒதுக்கீட்டில் சிலருக்கு முன்னுரிமை. டெலிவரி எடுத்த கையோடு கூடுதல் விலைக்கு விற்றுவிடாதபடி அதற்கும் ஒரு தடை. வருடக்கணக்கில் காத்திருந்தவனிடம் ஏஜென்ட் ‘ஓட்டிப் பாருங்கள்’ என்று சொல்ல வேண்டிய அவசியம் என்ன? வந்த நிறம்தான் நிறம். கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் ஊர் வந்து டிங்கர் கடையில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். புது வண்டியை நேரே ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப்போய் நட்டு போல்ட்டையெல்லாம் ஒருமுறை முறுக்கிவிட்டுத்தான் கோயிலில் பூஜை போடுவார்கள் என்பது அந்தத் தலைமுறை இன்றும் சிரித்துக்கொண்டே சொல்லும் விஷயம்.

மாட்டுத்தாவணியின் பரிசோதனைக் கலை அந்த நாற்பது ஆண்டுகளும் உயிரோடிருந்தது பழைய கார்ச் சந்தையில். அங்கே பல் பார்க்க மெக்கானிக் வந்தார். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகாமல் யாரும் செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கியதில்லை. அவர் செய்ததைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். முதலில் என்ஜின் பிளாக்கில் கை வைப்பார். ஏற்கெனவே சூடாக இருந்தால் சந்தேகம், விற்பவன் முன்கூட்டியே கிளப்பிவைத்து ஏதோ கோளாறை மறைத்திருக்கிறான். ஓடும் என்ஜினில் ஆயில் மூடியைத் திறப்பார். குபுகுபுவென்று புகை வந்தால் ரிங் போய்விட்டது. சைலன்சரில் நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, கறுப்பு என்றால் பெட்ரோல் மிஞ்சிப் போகிறது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு மூன்றாவது கியரில் கிளட்ச்சை விடுவார். என்ஜின் உடனே நின்றுபோனால் கிளட்ச் நல்லது, நிற்காமல் உறுமினால் தட்டு தேய்ந்திருக்கிறது. பிறகு தரையில் படுத்துச் சேசிஸில் துரு தேடுவார். கடைசியில்தான் ஓட்டுவது. மேட்டில் டாப் கியரில் இழுக்கிறதா, கியர் தானாகக் கழன்று விழுகிறதா, கையை விட்டால் ஸ்டியரிங் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க ஒரு கால்மணி நேரம். காது, மூக்கு, உள்ளங்கை மூன்றையும் வைத்தே நடந்த தேர்வு அது. அவர் வண்டியை விட்டு இறங்கித் தலையை ஆட்டும் திசையில்தான் வியாபாரம் முடியும்.

1983-இல் மாருதி 800 வந்தபோதுகூட நிலைமை மாறவில்லை. 10,000 ரூபாய் முன்பணத்தோடு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிந்தது, கண்ணால் பார்த்திராத காருக்கு. அந்த ஆண்டு டிசம்பர் 14 அன்று டெல்லியில் ஹர்பால் சிங் என்பவருக்கு முதல் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். விலை 47,500 ரூபாய். ஒதுக்கீட்டுக் கடிதம் கையில் வந்ததும், அதை வாங்கிக்கொள்ளக் கூடுதல் பணத்தோடு வேறொருவர் தயாராக இருந்த காலம் அது.

சட்டத்தில் மட்டும் ஓட்டிப் பார்ப்பவனுக்கு இடம் இருந்தது. 1989 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதிகள், பதிவாகாத வண்டியை வியாபாரி சாலையில் எடுத்துச்செல்ல வணிகச் சான்றிதழ் ஒன்றைக் கொடுத்தன. எந்தெந்தக் காரியத்துக்கு அப்படி எடுத்துச்செல்லலாம் என்று 41-ஆம் விதி பட்டியலிடுகிறது. வாங்க நினைப்பவருக்காக நியாயமான அளவு ஓட்டிக் காட்டுவது அவற்றில் ஒன்று. அந்த வண்டிகளுக்குச் சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. விதி எழுதப்பட்ட ஆண்டில் அதைப் பயன்படுத்தும் தேவை எந்த வியாபாரிக்கும் பெரிதாக வந்திருக்காது.

தேவை 1993-க்குப் பிறகு வந்தது. அந்த ஆண்டு கார் உற்பத்திக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றானது. அடுத்த ஐந்தாறு வருடங்களில் வெளிநாட்டுக் கம்பெனிகள் சென்னையைச் சூழ்ந்தன. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் சான்ட்ரோவை வெளியிட்டது. அதே காலத்தில் திருவள்ளூரில் மிட்சுபிஷி லான்சர் தயாரானது. மறைமலை நகரில் ஃபோர்டு 1999-இல் ஐகானைக் கொண்டுவந்தது. உத்தரப்பிரதேசத்திலிருந்து ஹோண்டா சிட்டி வந்தது. ஒரே விலையில் நாலைந்து கார் நின்றபோது, விற்பவன் வாங்குபவனின் வாசலுக்கு வந்தான். டெமோ கார் என்று ஒன்றைத் தனியாக ஒதுக்கி வைக்கும் பழக்கம் அப்போது பிறந்தது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் முதலில் மதுரைக்குப் போய் ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு வண்டிகளே இங்கு வரத் தொடங்கின. நூற்பாலைக்காரர்களும், சத்திரப்பட்டிப் பேண்டேஜ் துணி வியாபாரிகளும், மாந்தோப்புக்காரர்களும் இருக்கும் இடத்துக்கு டீலர்கள் வந்து சேர்ந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பத்து நிமிட ஓட்டத்தில் பிக்கப், சஸ்பென்ஷன், ஏ.சி. மூன்றும் தெரிந்துவிடும். பெட்ரோல், டீசல் கார்களுக்கு அது போதுமானதாகவே இருந்தது.

ஹைப்ரிட் கார் வந்துதான் அந்தப் பத்து நிமிடத்தைக் குறையாக்கியது. என்ஜினையும் மின்மோட்டாரையும் ஒரே வண்டியில் சேர்ப்பது 1900-ஐ ஒட்டியே பெர்டினான்ட் போர்ஷே செய்துகாட்டிய வித்தை. குடும்பங்கள் வாங்கும் சரக்காக அதை மாற்றியது 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ். பிரேக் பிடிக்கும்போது வழக்கமாகச் சூடாகி வீணாகும் சக்தியின் ஒரு பகுதியை மின்சாரமாக்கி பேட்டரியில் போட்டு, மறுபடி கிளம்பும்போது அதையே செலவழிப்பதுதான் இதன் அடிப்படை. வெளியிலிருந்து சார்ஜ் போட வேண்டியதில்லை.

இந்தியாவில் ஷோரூமில் வைத்து விற்ற முதல் ஹைப்ரிட் செடான் ஹோண்டா சிவிக் ஹைப்ரிட். ஆண்டு 2008, விலை 21.5 லட்சம் ரூபாய். முழுதாக இறக்குமதியான வண்டி என்பதால் சாதா சிவிக்கைவிட மிக அதிகம். வாங்க ஆள் இல்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் கம்பெனி சுமார் 8 லட்சம் ரூபாய் குறைத்தது, கிடந்த வண்டிகள் விறுவிறுவென்று போய்விட்டன. ஹைப்ரிட் வேண்டாம் என்று மக்கள் சொல்லவில்லை, விலைதான் வேண்டாம் என்றிருக்கிறார்கள். இந்தப் பாடத்தை அரசும் கம்பெனிகளும் பின்னர் பலமுறை மறந்தன. 2010-இல் வந்த பிரியஸும் இறக்குமதி. 26 லட்சத்துக்கு மேல். 2013-இல் பெங்களூரை அடுத்த பிடதியில் டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட்டைத் தயாரித்தபோது உள்நாட்டில் உருவான ஹைப்ரிட் செடான் கிடைத்தது, ஆனால் விலை 30 லட்சத்தை ஒட்டி நின்றது. அதிகாரிகளும் முதலாளிகளும் பின் சீட்டில் உட்காரும் வண்டியாகவே அது இருந்தது.

2015-இல் மத்திய அரசு மின்வாகனங்களுக்கும் ஹைப்ரிட்டுகளுக்கும் ஃபேம் என்ற மானியத் திட்டத்தைத் தொடங்கியது. அந்த செப்டம்பரிலேயே மாருதி சியாஸ் டீசலில் எஸ்.எச்.வி.எஸ். வந்தது. லிட்டருக்கு 28.09 கி.மீ. என்று விளம்பரம். இது பெல்ட்டில் இணைந்த சிறிய மோட்டார் என்ஜினுக்கு லேசாகக் கைகொடுக்கும் ‘மைல்ட் ஹைப்ரிட்’. மோட்டாரை மட்டும் கொண்டு ஓர் அடிகூட நகராது. ஓட்டிப் பார்த்தவருக்கு சிக்னலில் என்ஜின் நின்று கிளம்புவது தவிர வித்தியாசம் ஒன்றும் தெரிந்திருக்காது. பெயரில் ஹைப்ரிட் இருந்ததால் மானியம் கிடைத்தது. 2017 ஏப்ரலில் இந்த வகை டீசல் வண்டிகளுக்கு அதை நிறுத்தினார்கள், நிறுத்தியது சரியே. அதே ஆண்டு ஜூலையில் வந்த ஜி.எஸ்.டி. மட்டும் வேறு கதை. 28 சதவீத வரியும் 15 சதவீத செஸ்ஸும் சேர்ந்து ஹைப்ரிட் கார்மேல் 43 சதவீதம் விழுந்தது. முன்பு சுமார் 30 சதவீதம் இருந்த இடம். நல்ல ஹைப்ரிட்டையும் பேருக்கு ஹைப்ரிட்டையும் பிரித்துப் பார்க்காத இந்த வரி, ஐந்து வருடத்தைக் கெடுத்தது.

நடுத்தரக் குடும்பம் நினைத்துப் பார்க்கக்கூடிய விலையில் முழு ஹைப்ரிட் செடான் 2022 மே மாதம்தான் வந்தது. ராஜஸ்தான் தபுகராவில் தயாராகும் ஹோண்டா சிட்டி ஹைப்ரிட், 19.49 லட்சம் ரூபாய். 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜினோடு இரண்டு மோட்டார்கள், சான்றளிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 26.5 கி.மீ. கேம்ரி கர்நாடகத்தில், சியாஸ் ஹரியானாவில், சிட்டி ராஜஸ்தானில். சென்னையைச் சுற்றி இத்தனை கார் ஆலைகள் இருந்தும் இந்தக் கதையில் வரும் ஹைப்ரிட் செடான் ஒன்றும் தமிழ்நாட்டில் பிறக்கவில்லை.

இப்படிப்பட்ட வண்டியை ஓட்டிப் பார்ப்பது பழைய மெக்கானிக்கின் வித்தையைக் கொஞ்சம் திணறடிக்கும். பொத்தானை அமுக்கினால் ‘ரெடி’ என்று எழுத்து வரும்; சத்தம் வராது. சிட்டியில் வழக்கமான கியர்பாக்ஸே கிடையாது. நகருக்குள் சக்கரத்தைச் சுற்றுவது பெரும்பாலும் மோட்டார். பேட்டரி இறங்கினாலோ வேகம் கேட்டாலோ என்ஜின் தானாக எழுந்து, நேராகச் சக்கரத்தைத் தொடாமல் மின்சாரம் செய்து கொடுக்கும். சீரான நெடுஞ்சாலை வேகம் வந்தபிறகுதான் ஒரு கிளட்ச் பூட்டிக்கொண்டு என்ஜினைச் சக்கரத்தோடு சேர்க்கும். ஆகவே காலை அழுத்தியதும் என்ஜின் உறுமுவதற்கும் வண்டி ஓடும் வேகத்துக்கும் சம்பந்தம் இல்லாததுபோல் தோன்றும். பழகாத காதுக்கு அது கோளாறாகப் படும். பிரேக்கிலும் முதல் அழுத்தத்தில் மோட்டார்தான் பிடித்து மின்சாரம் சேர்க்கிறது.

மைலேஜ் சான்றிதழ் சோதனைக்கூடத்து உருளைகள்மேல் ஓட்டிப் பெறுவது. இந்தியச் சோதனைச் சுற்று 20 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, 10 கி.மீ.க்குச் சற்று மேல், உச்ச வேகம் 90 கி.மீ. நின்று நின்று போகும் பகுதி அதில் அதிகம் என்பதால் ஹைப்ரிட்டுக்குச் சாதகமானது. ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட், பழைய பஸ் நிலையம் பக்கத்து நெரிசலும் அதேபோலத்தான். பிரேக்கிலிருந்து சக்தி திரும்பக் கிடைக்கும். திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது அந்தச் சேமிப்பு குறையும்.

தேவதானத்துக்காரர்களுக்கு இதைச் சோதிக்கத் தயாராக ஒரு தடம் உண்டு. அவர்கள் ஊரின் நச்சாடை தவிர்த்த லிங்கேஸ்வரர் கோயில் இந்தப் பகுதியின் பஞ்சபூதத் தலங்களில் ஆகாயம். தென்மலை காற்று, தாருகாபுரம் நீர், சங்கரன்கோவில் நிலம், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு. ஐந்தையும் காரில் ஒரே நாளில் சுற்றி வருபவர்கள் இருக்கிறார்கள். கிராமத்துச் சாலை, வேகத்தடை, நெடுஞ்சாலை, கடைத்தெரு நெரிசல் என்று குடும்பக் கார் சந்திக்கும் எல்லாமே அந்தச் சுற்றில் வருகின்றன. வீட்டார் நால்வரையும் ஏற்றிக்கொண்டு, ஏ.சி. போட்டு ஓட்டினால் கிடைக்கும் மைலேஜ் விளம்பர எண்ணைவிட நம்பத்தக்கது. வேகத்தடையில் அடி தட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும், பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்து வண்டி எடையை 100 கிலோவுக்கு மேல் கூட்டியிருக்கின்றன. டிக்கியையும் திறந்து பார்ப்பது நல்லது. சாதா சிட்டியில் 506 லிட்டர் இருந்த இடம் ஹைப்ரிட்டில் 306 லிட்டர். கல்யாண வீட்டுக்கு மாம்பழக் கூடையோடு போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

விற்பனையில் இந்த வகை பெரிதாக எழவில்லை. 2022-இன் பிற்பாதியில் வந்த மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ் என்ற உயரமான வண்டிகள் ஹைப்ரிட் வாங்குபவர்களைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டன. சியாஸின் விற்பனை 2025-இல் முடிந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் செஸ் நீங்கி, நான்கு மீட்டருக்கு மேற்பட்ட ஹைப்ரிட் கார்களுக்கு வரி 40 சதவீதமானது. பேட்டரி கார்களுக்கு 5 சதவீதம். அதுபோன்ற வரிச் சலுகை ஹைப்ரிட்டுக்குக் கிடைக்காதவரை, பெட்ரோல் சிட்டிக்கும் ஹைப்ரிட் சிட்டிக்கும் உள்ள விலை வித்தியாசத்தை எரிபொருள் சேமிப்பால் எடுக்க, வருடத்துக்கு மிக அதிகம் ஓடுகிறவரால்தான் முடியும். வாங்க நினைப்பவர் விற்பனையாளரிடம் பத்து நிமிட ரவுண்டோடு திருப்தியடையாமல், டேங்கை நிரப்பி அரை நாளாவது வண்டியைக் கேட்டு வாங்கட்டும். லித்தியம் பேட்டரிக்கு ஹோண்டா கொடுக்கும் உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ., எது முந்துகிறதோ அது. அந்தக் காகிதத்தையும் அன்றே வாங்கிப் படித்துவிட வேண்டும்.